துப்பாக்கி வெடிக்கும் முன்

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆகவே மற்றதெல்லாமும் நலம். அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பா டிப்போவில் யாரோடும் சண்டை போடாமல் பஸ் ஓட்டுகிறாரா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் செய்தால் வீடே கூடிவிடுகிறது. அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பின் படிக்கட்டில் நிற்கிற கண்டக்டரைக் கூப்பிடுகிற மாதிரி கத்துகிறார். அம்மா 'சாப்பிட்டியா' என்பதையே மாற்றி மாற்றிக் கேட்கிறாள். உன்னிடம் சொல்ல நினைத்ததைச் சொல்ல இடமே கிடைப்பதில்லை. அதனால் போன் அவர்களுக்கு, கடிதம் உனக்கு.

கால்பந்து கிளப்பில் அறை கொடுத்திருக்கிறார்கள். கூட இருப்பவள் எங்கள் கோல்கீப்பர். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அத்தனை ஆகிருதி. மனசு அதைவிடப் பெரிசு. குறட்டையும்தான்.

முதல் பயிற்சி ஆட்டத்திலேயே மானம் போயிற்று. இத்தனை வருடம் ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பாய்வதுதான் என் பிழைப்பு. இங்கே விசில் கேட்டால் நிற்க வேண்டுமாம். யாரையோ யாரோ இடித்தார்கள், விசில் அடித்தார்கள், எல்லாரும் நின்றார்கள், நான் மட்டும் பந்தோடு பறந்துபோய்க் கோலே போட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு அணியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது. கோல்கீப்பர் கேட்டாள்: "ஆட்டம் நின்னு எவ்வளவு நேரமாச்சு, நீ எங்கம்மா போயிட்டு வர்ற?"

சிரிக்காதே. ஓட்டம் எனக்குப் பெயர் கொடுத்தது, சோறு போடவில்லை. பந்து போடுகிறது. ஆனாலும் செப்டம்பரில் தேசியப் போட்டிக்கு லீவு தருவதாகக் கிளப்பில் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வருடமாக நூறு மீட்டர் தங்கம் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருடமும் வந்தால், அடுத்த வருடம் மார்ச்சில் நடக்கிற சர்வதேசப் போட்டிக்கு நம் நாட்டுக்கு இருக்கிற ஒரே இடம் எனக்கு. அது ஒன்று போதும். வராவிட்டால் ஓட்டத்தோடு உறவு அறுந்தது. முப்பதைத் தொட்டவளை இன்னொரு தரம் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

வீட்டு விஷயம் ஒன்றுவிடாமல் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை நலம். நீயும் உன் கோல்கீப்பரும் அவள் குறட்டையும் நலமாக இருக்க வேண்டும்.

அம்மாவின் முதுகு சரியாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடியே சொல்கிறாள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற இடத்தில் ஈரத் துணி தூக்குகிற வேலையை மாற்றிக் கேள் என்றால், 'அப்புறம் அவங்க யாரைத் தூக்கச் சொல்வாங்க' என்கிறாள். அப்பாவுக்கு டிப்போவில் புதுச் சண்டை. யாரோ அவர் பஸ்ஸின் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்களாம். 'என் கண்ணாடிய எவன் தொட்டான்' என்று ஒரு வாரமாக வீட்டுக்குள் விசாரணை நடக்கிறது. நானும் அம்மாவும் குற்றவாளிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை ஓய்வில்லாமல் இருக்கிறது. நேற்று ஒருவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், வீட்டில் மனைவியையே சரியாகத் தெரியவில்லை என்று திரும்பி வந்தார். கூட வந்த மனைவி சொன்னார்: "அது இவருக்குக் கல்யாணமான நாள்லேர்ந்தே இருக்கு, உங்க மேல தப்பு இல்ல."

சாயங்காலம் நான் வீட்டுக்கு வர நேரமாகிறது. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. அம்மா போனில் ஏதாவது சொன்னால் நீ கண்டுகொள்ளாதே.

ஒரு சந்தேகம். ஓட்டம் தொடங்கும்போது காலை வைக்கிற கட்டைகளைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

உன் வாயாடி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

கோல்கீப்பருக்குச் சளி, எனக்கு அதன் பாதி. மற்றபடி குறையில்லை. அம்மாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போ, கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

இங்கே என் அடுத்த தலைவலி ஆஃப்சைடு. என் பக்கம் பந்தை உதைக்கிற நேரத்தில், எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நான் நிற்கக் கூடாது. தாண்டினால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார். நான் சரியான நேரத்தில்தான் கிளம்புகிறேன். அவர் பந்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவதற்குள் நான் எங்கேயோ போய்விடுகிறேன். உடனே கொடி. வேகமாக ஓடத்தான் எடுத்தார்கள், வேகமாக ஓடினால் கொடி காட்டுகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்குப் பந்து போடுகிறவள் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். இப்போதும் எல்லாருக்கும் டீச்சர்தான். அவள்தான் வழி சொன்னாள். "பந்தப் பாக்காத. உன்ன மறிக்கிறவ தோளப் பாரு. தோள் திரும்பின பிறகுதான் கால் திரும்பும். தோள் அசைஞ்சா நீ போயிடு, யோசிக்காத."

அதையே இரவு பகலாகப் பழகினேன். பலன் இருக்கிறது, போன ஆட்டத்தில் இரண்டு முறை தனியாக உள்ளே போனேன். இப்போது பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடப் பக்கத்தில் நிற்கிறவர் தோள் அசைந்தால் என் கால் கிளம்பிவிடுகிறது. போன வாரம் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முன் கட்டை கோட்டிலிருந்து இரண்டு பாதம், பின் கட்டை மூன்று பாதம். பிறகு உடம்புக்குத் தக்கபடி கொஞ்சம் முன்பின் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சரி, எந்தப் பக்கத்து வீட்டுப் பெண்? நம் வீட்டுக்கு ஒரு பக்கம் ரிட்டயரான தபால்காரர், இன்னொரு பக்கம் சைக்கிள் கடை. தபால்காரருக்கா ஓட ஆசை வந்திருக்கிறது?

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு உடம்பு காரணமில்லை. எல்லாரும் நலம். அம்மாவுக்கு டாக்டர் இடுப்பில் கட்டுகிற பட்டை கொடுத்திருக்கிறார், அதைக் கட்டிக்கொண்டு அதே ஈரத் துணியைத் தூக்குகிறாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் நான்தான்.

நீ போன மறுநாள் அலமாரியில் உன் பழைய முள் ஷூ கிடந்தது. போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பெரிசு, முன்னால் பஞ்சு வைத்தேன். மைதானத்துக்குப் போய் ஒரு சுற்று ஓடினேன். நீ முன்பு ஓடிய அதே மைதானம்தான். அங்கே பயிற்சி கொடுக்கிறவர் 'நாளைக்கும் வா' என்றார். சாயங்காலம் நேரமாவது அதனால்தான், கடையால் இல்லை.

நீ வீட்டில் இருந்தவரைக்கும் நான் ஏன் ஓடவில்லை என்று நீ கேட்பாய். ஓடியிருந்தால் 'அவ தங்கச்சி ஓடுறா' என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் ஓடுகிறேன் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

போன வாரம் மண்டலப் போட்டியில் முதலாவதாக வந்தேன். தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறேன். அதே நூறு மீட்டர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும், நான்தான் உன்னிடம் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டியிருந்தேன். அப்பா போனில் இரண்டு தரம் உளறப் பார்த்தார், அம்மா அவர் காலை மிதித்தாள்.

உன் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் ஆரம்பிக்கவில்லை. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை. கோபமா அக்கா? கோபமென்றால் கோபமென்று எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

வாயாடி


ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

நலம்.

ஆட்டங்கள் தொடர்ந்து இருந்தன, எழுத நேரமில்லை. நேரமில்லை என்பது பொய். கோல்கீப்பர் படித்தாளென்றால் காறித் துப்புவாள், ஆகவே அடித்துவிட்டு உண்மையை எழுதுகிறேன். மனசு சரியில்லை.

நீ ஓடுவதில் எனக்குக் கோபமில்லை. வீட்டில் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு, நான் போனில் செப்டம்பர் செப்டம்பர் என்று அளந்ததை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதில்தான். நான் தனியாக ஒரு கோமாளி மாதிரி பேசியிருக்கிறேன். சரி, போகட்டும்.

போன மாதம் என் முதல் கோல் விழுந்தது. விசிலுக்கு முன்னால்தான் போட்டேன், எண்ணிக்கையில் சேர்ந்தது. டீச்சர் போட்ட பந்து, எதிரணிக்காரி வலப் பக்கம் தோளைத் திருப்பினாள், நான் இடப் பக்கம் போய்விட்டேன். கோச் என்னை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசுகிறாராம்.

என் பழைய ஷூவில் பஞ்சு வைத்து ஓடாதே, கட்டைவிரல் நகம் போய்விடும். உன் காலுக்குச் சரியான ஷூ வாங்கு. இதை அக்காவாகச் சொல்கிறேன்.

மைதானத்தில் நான் அக்கா இல்லை. செப்டம்பரில் உனக்காக ஒரு அடிகூட மெதுவாக ஓடமாட்டேன். நீயும் ஓடாதே.

அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பெல்லாம் நலம், பயத்தில் பல் தேய்க்கும்போதுகூட 'செட்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போட்டி நெருங்கினால் உனக்கும் அப்படித்தானா, நீ ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லையே.

புது ஷூ வாங்கிவிட்டேன். கடை முதலாளி லீவு கொடுத்தார். 'நீ ஓடிட்டு வா, ஆனா கடைசியா தேச்ச லென்ஸ சரியா தேச்சியான்னு பாத்துட்டு ஓடு' என்றார்.

அம்மா வரவில்லை. எந்த லேனைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். அப்பா வருகிறார். 'நான் முடிவுக் கோட்டை மட்டும்தான் பாப்பேன், யாரு வந்தாலும் நம்ம வீட்டு ஆளு' என்கிறார். நாம் இரண்டு பேரும் இல்லாமல் மூன்றாவது ஒருத்தி வரலாமே என்று கேட்டேன். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

நீ கோபமில்லை என்று எழுதியதை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். பாதிதான் நம்புகிறேன். மைதானத்தில் பார்ப்போம்.

உன் வாயாடி


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய். அப்பா மைதானத்து வாசலில் நீ வருவாய் என்று இருட்டும்வரை நின்றார். போனையும் எடுக்கவில்லை. உன் கோல்கீப்பர் எடுத்து, 'அவ தூங்குறா' என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் அக்கா. உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நானே எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு நடந்ததே புரியவில்லை. நீ நான்காவது லேன், நான் ஐந்தாவது. துப்பாக்கியோடு நின்ற ஸ்டார்ட்டர் 'செட்' என்றார். இடுப்பைத் தூக்கினேன். துப்பாக்கி வெடிக்கவே இல்லை, நீ பாய்ந்துவிட்டாய். உன் பின்னால் நானும் இன்னும் இரண்டு பேரும் கிளம்பினோம். அப்புறம்தான் திரும்பக் கூப்பிடுகிற வெடி கேட்டது. ஸ்டார்ட்டர் நடந்து வந்து உன் லேனையும் என் லேனையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்கப் போனார். அதற்குள் நீயே கையைத் தூக்கிவிட்டாய். ஒருமுறை முந்தினாலே வெளியே என்பது இப்போதைய விதி. சிவப்பு அட்டையைக் காட்டினார். நீ ஷூவைக்கூடக் கழற்றாமல் நடந்து போனாய்.

உன் காலி லேனுக்குப் பக்கத்தில் மறுபடி குனிந்து உட்கார எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். எப்படி ஓடினேன் என்றே ஞாபகமில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உன்னைத்தான் தேடினேன்.

நீ வாழ்க்கையில் ஒருமுறைகூட வெடிக்கு முன்னால் கிளம்பியதில்லையே. என்ன ஆயிற்று?

வாயாடி


செப்டம்பர் 29

அன்புள்ள சாம்பியனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால், கை, பசி, தூக்கம் எல்லாம் வழக்கம்போல. அப்பாவை நிற்கவைத்தது தப்புதான், போனில் அவரிடமே சொல்லிவிட்டேன். 'பரவாயில்ல, பஸ் புடிக்கிறதுல நீதான் ஃபர்ஸ்ட்' என்றார். மனுஷன் அதற்கும் கிண்டல்தான்.

என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் ஆகவில்லை. பந்து விளையாடிப் பழகிய உடம்பு, காதுக்குக் காத்திருக்கவில்லை. கால்பந்தில் வருடம் முழுக்க ஒரு சிவப்பு அட்டையும் வாங்காதவள், சொந்தத் தொழிலில் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இங்கே எல்லாரும் அதைச் சொல்லியே சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

நீ ஓடியதை நான் மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியில் நின்று பார்த்தேன். முதல் பாதி பிரமாதம். முடிவுக் கோட்டுக்கு முன்னால் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறாய், அந்தப் பழக்கத்தை விடு. அங்கே யாரும் இல்லை என்பது உனக்கே தெரியும்.

எனக்குச் சந்தோஷம். சந்தோஷம் மட்டும்தான் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வருத்தமும் இருக்கிறது, அது என் பாடு.

மார்ச் வரைக்கும் நன்றாகச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பயிற்சி முகாமிலிருந்து எழுதுகிறேன். உடம்பு நலம். ஒரு நீளமான அறையில் எட்டுக் கட்டில், ஒரே ஒரு ஜன்னல். அதற்குச் சண்டை. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கையில் இருந்த காய்ப்பு மறைந்துவிட்டது, பார்க்க யாருடைய கையோ மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அன்றைக்கு ஆறாவது லேனில் ஓடியவளும் தொடர் ஓட்டத்துக்காக இங்கே வந்திருக்கிறாள். நேற்றுச் சாப்பிடும்போது ஏதோ வாய்ப்பேச்சு வளர்ந்தது. அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "உங்கக்கா ஒண்ணும் தானா முந்தல. நீ அசைஞ்ச, அதுல அவ கெளம்பிட்டா. கைய அவ தூக்கலன்னா அட்டை உனக்குத்தான்."

பொறாமையில் சொல்கிறாள் என்று எல்லாரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். நான் அசைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. இங்கே பயிற்சியிலும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் என் லேனையும் பார்த்தாரே. அது ஞாபகத்துக்கு வந்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

அக்கா, நான் அசைந்தேனா? நீ இல்லை என்று எழுதினால் நம்பிவிடுவேன். வேறு யாரையும் கேட்கமாட்டேன்.

உன் தங்கை


நவம்பர் 25

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். பதில் வரவில்லை என்று அவளிடம் நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

இல்லை என்று இரண்டு முறை எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். கோல்கீப்பர் குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். "சொல்லாம விட்டா அவ அங்க போய் உலகமே பாக்க வெளிய நிப்பா. சொன்னா உன் மேல கோபப்படுவா. எது உனக்குத் தாங்கும்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆமாம், நீ அசைந்தாய். உன் இடது தோள். 'செட்' சொன்னதும் மூச்சை இழுக்கிறாய், அப்போது தோள் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்புகிறது. அரையிறுதியிலும் செய்தாய், ஸ்டார்ட்டர் கவனிக்கவில்லை. பயிற்சியில் வராது, பயத்தில்தான் வரும். என் கண் தரையில் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே பழகிய பழக்கம், ஓரக் கண்ணில் தோள் அசைந்தது, போய்விட்டேன்.

முதலில் அசைந்து அடுத்தவரைக் கிளப்பிவிடுகிறவருக்குத்தான் அட்டை. விதி எனக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் வாயைத் திறந்திருந்தால் உன்னைத்தான் சொல்லியிருப்பார். உன் முகத்தைப் பார்த்தேன், நீ அசைந்தது உனக்கே தெரியவில்லை. யோசித்துத்தான் கையைத் தூக்கினேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கே நான் அக்கா இல்லை என்று எழுதியிருந்தேன், அது நடக்கவில்லை.

சொல்லாமலே இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் மார்ச்சில் கால் கட்டைகளிலேயே அசைவை அளக்கிற கருவி பொருத்தியிருப்பார்கள். அது யார் முகத்தையும் பார்க்காது. உன் பயிற்சியாளரிடம் சொல், பக்கத்தில் ஆள் வைத்து, பதறவைத்துப் பழகு.

அக்கா


டிசம்பர் 20

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ எனக்குத் தங்கத்தை விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஜெயித்ததை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். அந்தப் பதக்கத்தை அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாளாம், போனில் அதை என்னால் கேட்க முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் வெளியே போயிருப்பேன், அழுதிருப்பேன், அடுத்த வருடம் வந்திருப்பேன். உன்னை யார் கையைத் தூக்கச் சொன்னார்கள்?

தடகளச் சங்கத்துச் செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முடிவு முடிவுதான், மாற்ற முடியாது என்றார். "உங்க வீட்டுப் பிரச்சனைய வீட்டுலயே வெச்சுக்கங்கம்மா" என்றார். சரி, வீட்டிலேயே முடிப்போம்.

ஜனவரி முதல் வாரம் எனக்கு முகாமில் லீவு. உங்கள் கிளப்புக்கும் அப்போது ஆட்டம் இல்லை என்று அப்பா சொன்னார். வா. நம் பழைய மைதானத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் ஓடுவோம். துப்பாக்கிக்குப் பதிலாக அப்பா இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டுவார். நீ ஜெயித்தால் நான் மார்ச் போட்டிக்குப் போகமாட்டேன், வெள்ளி வாங்கியவள் போகட்டும். இது மிரட்டல் இல்லை. உன்னைத் தாண்டாமல் நான் அங்கே போய் நிற்கமாட்டேன், அவ்வளவுதான்.

தோளை அசைக்காமல் இருக்க இரண்டு வாரமாகப் பழகுகிறேன்.

வராமல் இருக்காதே.

உன் தங்கை


ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். தொடை இன்னும் வலிக்கிறது, வேறு குறையில்லை. அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலத்தைக் கோல்கீப்பர் ஒரே வேளையில் முடித்துவிட்டு, அடுத்த முறை எப்போது ஊருக்குப் போகிறாய் என்று கேட்கிறாள்.

ரயில் கிளம்புகிறபோது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடிவந்து, "நெஜமாத்தான் ஓடுனியா?" என்று கேட்டாய். வீட்டில் இருந்த இரண்டு நாளும் கேட்காமல் அங்கே வந்து கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. உன் முகம் எனக்குத் தெரிந்தது. மறுபடியும் உனக்கு எதையோ விட்டுக்கொடுத்துவிட்டேன் என்ற சந்தேகம்.

பதிலைக் கேட்டுக்கொள். அம்மா மேல் சத்தியமாக ஓடினேன். அப்பா 'செட்' என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே பலகையைத் தட்டாமல் இழுத்தார், உன் தோள் இம்மியும் அசையவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சத்தத்துக்குத்தான் கிளம்பினோம். பாதி தூரம்வரை நான் உனக்குச் சமமாக இருந்தேன். அதற்குப் பிறகு உன் முதுகு. என்னிடம் இருந்ததெல்லாம் போட்டேன், உன் முதுகு கிட்டே வரவே இல்லை. ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அம்மா கண்ணைத் திறந்து 'யாரு யாரு' என்று கேட்டபோது நான்தான் உன் பெயரைச் சொன்னேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கையைத் தூக்கிவிட்டு வந்ததிலிருந்து, அந்த ஃபைனல் ஒழுங்காக நடந்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சிவப்பு அட்டை சிவப்பு அட்டை என்று சிரித்தபோதெல்லாம் அதை நினைத்துத்தான் தாங்கினேன். நான் கொடுத்தேன், அதனால் அவளுக்குக் கிடைத்தது என்று ஒரு கர்வம்கூட இருந்தது. நீ பலகைச் சத்தத்துக்குப் பிறகு ஓடியதில் அது போய்விட்டது. செப்டம்பரிலும் நீதான் ஜெயித்திருப்பாய். உனக்கு நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இன்னும் நம்பிக்கை வராவிட்டால் என் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாளைத்தான் நீ கேட்க வேண்டும். விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு அழுகை வராது. எனக்கு மூன்று ஸ்டேஷன் தாண்டியும் நிற்கவில்லை. அந்த அம்மாள் யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார். இல்லை, தங்கை ஜெயித்துவிட்டாள் என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச்சில் தோளைக் கவனித்துக்கொள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது.

அக்கா